நான் செய்த ஜப்பான் கேபிள்

என் கையால் சோல்டர் செய்த ஒரு பெட்டியை மேசையில் வைத்து, "இதைத் தெரியுமா?" என்று ஒரு பொலிஸ் அதிகாரி என்னிடம் கேட்டார். நான் இதைக் கண்டதேயில்லை என்று சொன்னேன். அந்தப் பெட்டியை எங்களிடம் வாங்கிய மனிதன் எனக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். நான் வீட்டுக்குப் போனேன். அவன் போகவில்லை.

ஒலித் தொழில்நுட்பக்காரர் சங்க மலருக்கு எழுதச் சொன்னவர்கள் இப்படி ஒரு தொடக்கத்தை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். சென்ற மலரில் ஒரு நண்பர், தன் தொழில் வாழ்க்கையில் ஒரு வயர்கூடக் கழன்றதில்லை என்று எழுதியிருந்தார். அவர் பொருத்திக் கழன்றவற்றைத் திருப்பிப் பொருத்தியவன் நான். ஆகவே மலருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இதை எழுதவைத்தது. "அங்கிள், ஆறு தந்திக்கும் தனித்தனியாச் சத்தம் எடுக்கிற பிக்கப்புக்கு பிரேக்அவுட் கேபிள் வாங்கிறதா, நாங்களே செய்யிறதா நல்லம்?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண மின் கிட்டாரில் ஆறு தந்திகளின் சத்தமும் கலந்து ஒரே வயரில் வரும். இந்தப் பிக்கப்போ ஒவ்வொரு தந்தியையும் தனியாகக் கேட்கும். ஆறு சத்தமும், அதற்கு வேண்டிய மின்சாரமும் பதின்மூன்று ஊசி கொண்ட ஒரே பிளக்கில் வந்து சேரும். அவற்றைப் பிரித்து ஆறு வால்களாக வெளியே விடுவதுதான் பிரேக்அவுட் கேபிள். நடுவில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். பிக்கப்புக்கு மின்சாரம் கொடுக்க அதற்குள் இரண்டு பற்றறிகள் வேண்டும். போர்க்காலக் கொழும்பில் இரண்டு பற்றறியும் நிறைய வயரும் உள்ள ஒரு சிறிய பெட்டியைச் செய்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பௌதிகவியல் பட்டம் தேவையில்லை. என்னிடம் பட்டம் இருந்தது. நான் ஊகிக்கவில்லை.

படிப்பை முடித்து, ஆசிரியர் நியமனம் வரும்வரைக்கும் என்று கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த ஒலிச்சாதனக் கடையில் சேர்ந்தேன். நியமனம் இன்னும் வரவில்லை. வந்தால் மறுத்துவிடுவேன், எழுபத்தெட்டு வயதாகிறது.

கடை முதலாளி கனகசுந்தரம். வெள்ளை ஷேர்ட், நெற்றியில் திருநீறு, மெதுவான குரல். அவர் வாயால் பொய் வருவது அபூர்வம். பொய்யைத் தானாகவே நடக்கவிடுவார். வாடிக்கையாளர் ஒரு சாமான் கேட்டால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் எடுக்கமாட்டார். "இருக்குதோ தெரியேல்லை, பாப்பம்" என்று உள்ளே போவார். ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவார். சாமான் இப்போது ஜப்பானியப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருக்கும். அந்தத் தாள்கள் பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்பவர்களிடமிருந்து வருபவை. ஜப்பானிலிருந்து வரும் கியர்பொக்ஸ்களை அந்தத் தாளில்தான் சுற்றியிருப்பார்கள். எண்ணெய்க் கறை இல்லாத தாள்களை முதலாளி தானே தெரிந்தெடுத்து மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். கடையில் பூட்டி வைக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான். காசு மேசை லாச்சியில் திறந்தபடி கிடக்கும்.

"உது பொய்யில்லையே முதலாளி?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"நான் ஜப்பான் எண்டு சொன்னனானே? அவர் பேப்பரைப் பாத்து நினைக்கிறார். நினைக்கிறதுக்கும் நான் பொறுப்பே?"

நான் சேர்ந்து இருபது வருடத்துக்குமேல் ஆனபின், இந்தக் கடைக்குத்தான் ஜெரோம் வந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். ஹோட்டல் ஒன்றில் மூன்று பேர் கொண்ட இசைக்குழுவில் கிட்டார் வாசித்தான். குழுவில் பேஸ் வாசித்தவர் கனடா போய்விட்டார். ஹோட்டல்காரர் மூன்று பேர் என்றுதான் பேசியிருந்தார்கள். இத்தாலியில் வீட்டு வேலை செய்த ஜெரோமின் அக்கா இந்தப் பிக்கப்பை வாங்கி அனுப்பியிருந்தா. தடித்த தந்திகளை மட்டும் பிரித்துப் பேஸ் அம்ப்ளிஃபயருக்கு விட்டால் ஒரு ஆள் இரண்டு ஆளாகலாம் என்பது ஜெரோமின் திட்டம்.

"பிரேக்அவுட் ஒண்ணு வேணும் அண்ணே. சிங்கப்பூர்ல கேட்டேன், கப்பல் காசே கிட்டார் வெல வருது. நீங்க செய்து தர ஏலுமா?"

நான் வாய் திறக்குமுன் முதலாளி சொன்னார். "இஞ்ச செய்யிற சாமானை நம்பி ஹோட்டலில வாசிக்கேலுமே தம்பி? ஜப்பானிலயிருந்து ஒண்டு வர இருக்குது. பொறும்."

ஜெரோம் போனபின் என் பக்கம் திரும்பினார். "செய்யும்."

பதின்மூன்று துளைச் சொக்கற் ஒன்று, ஜப்பானிலிருந்து கழிவாக வந்த சாமான் பெட்டிக்குள் கிடந்தது. "சொக்கற் ஜப்பான். பிறகென்ன பொய்?" என்றார் முதலாளி. மிச்சம் என் வேலை. ஒன்பது வோல்ட் பற்றறிகள் பிக்கப்புக்குச் சற்று அதிகம் என்பதால் வோல்ட்டைக் குறைக்க டயோட்கள் போட்டேன். ஒவ்வொரு வாலுக்கும் ஒரு நிறம் கொடுத்து, நுனியில் வெள்ளைப் பெயின்டால் இலக்கம் எழுதினேன். இரைச்சல் வராமலிருக்கப் பெட்டியின் உட்புறத்தைத் தகரத்தால் மூட வேண்டும். நல்ல தகரம் கடையில் இல்லை. வீட்டில் பால்தூள் தீர்ந்து கிடந்த பால்மா ரின்னை வெட்டி, எழுத்துள்ள பக்கம் உள்ளே பார்க்கும்படி மடித்து வைத்தேன். பெட்டிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலாளி பார்த்துவிட்டு ஒரேயொரு மாற்றம் சொன்னார். "ஒரு சிவப்பு லைற் போடும்."

"தேவையில்லை முதலாளி. பற்றறிதான் வீணாகும்."

"லைற் எரிஞ்சால்தான் சனம் சாமான் வேலை செய்யுது எண்டு நம்பும்."

போட்டேன். ஆளியை அழுத்தினால் பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டதாரி போட்ட விளக்கு என்பதால் நன்றாகவே எரிந்தது.

ஒரு பிழையும் விட்டேன். பிக்கப்போடு வந்த துண்டுப்பிரசுரத்தில் ஊசிகளின் படம் முன்பக்கமிருந்து பார்ப்பதுபோல வரையப்பட்டிருந்தது. சோல்டர் செய்பவன் பார்ப்பது பின்பக்கத்தை. இடம் வலமாகும், வலம் இடமாகும். மின்சார ஊசிகள் மாறினால் பிக்கப் எரிந்துபோகும் என்பதால் அவற்றை மீற்றர் வைத்துப் பார்த்தேன். தந்தி ஊசிகள் மாறினால் எதுவும் எரியாது. அவற்றைக் கண்ணை நம்பிச் செய்தேன். மெல்லிய முதலாம் தந்தி ஆறாம் வாலால் வந்தது. தடித்த ஆறாம் தந்தி முதலாம் வாலால் வந்தது.

ஜெரோம் அடுத்த கிழமை சந்தோஷமாக வந்தான். "அண்ணே, சாமான் சுப்பர். ஒண்ணுதான், ஜப்பான்காரன் பின்னாலயிருந்து எண்ணுவான் போல. நான் பிளாஸ்டர் ஒட்டி நம்பர மாத்தி எழுதிட்டேன்."

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். முதலாளி தடுமாறவில்லை. "ஓம் தம்பி, அவங்கள் புத்தகத்தையே பின்னாலயிருந்துதானே வாசிக்கிறவங்கள்."

ஜெரோம் நிறையத் தெரிந்துகொண்டவனைப்போலத் தலையாட்டினான். என்னுடைய பிழைக்கு ஒரு நாட்டின் நாகரிகமே பொறுப்பேற்றுக்கொண்டது. நானும் சிரித்தேன். என் முதல் பொய் அந்தச் சிரிப்பு.

சில மாதங்களில் டுபாய் ஹோட்டல் ஒன்றில் வாசிக்க ஜெரோமுக்கு ஒப்பந்தம் வந்தது. இரண்டு ஆள் வேலையை ஒருவன் செய்வதைப் பார்த்த யாரோ ஏற்பாடு செய்தது. விசாவும் வந்துவிட்டது. அந்த நாட்களில்தான் நகரத்தில் ஒரு குண்டு வெடித்து, சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி போட்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கலியாண வீடொன்றில் வாசித்துவிட்டு ஜெரோம் முச்சக்கரவண்டியில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஆமர் வீதிப் பக்கம் மறித்தார்கள். கிட்டார் உறையைத் திறந்தார்கள். ஆறு நிற வால்களோடு ஒரு பெட்டி வெளியே வந்தது. சிப்பாய் ஒருவன் ஆளியை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. சிப்பாய்கள், பொலிஸ்காரர், முச்சக்கரவண்டிக்காரர், கடலை விற்றுக்கொண்டிருந்தவர் எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். ஜெரோம் மட்டும் நின்றான். விழாமல் நின்றதுதான் அவன்மேல் வந்த முதற்சந்தேகம். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவன்தானே நிற்பான் என்பது அவர்களுடைய தர்க்கம். தர்க்கத்தில் குறையொன்றும் இல்லை.

அடுத்த நாள் ஜெரோமின் மனைவி மெற்றில்டா கடைக்கு வந்தா. "இது ஜப்பான் சாமான், வெள்ளவத்தைக் கடைல வாங்கினேன்னு அவர் சொல்றாராம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்க அண்ணே."

"வாறம் தங்கச்சி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

முதலாளியின் காரில் போனோம். வழியில் அவர் சொன்னார்: "உண்மையைத்தான் சொல்லவேணும். ஆனால் எல்லாத்தையும் ஒரே நாளில சொல்லவேணும் எண்டில்லை."

என் பயத்தையும் சொல்ல வேண்டும். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். தொழில் மின்னணு வேலை. அந்த நாட்களில் இந்த இரண்டும் ஒரே ஆளில் இருப்பது நல்லதல்ல. எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்திய ஒருவரைக் கொண்டுபோய் நெடுநாள் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். வந்தபின் அவர் தேங்காய்க் கடை போட்டார். தேங்காய்க்குள் வயர் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. பேச்செல்லாம் சிங்களத்தில். அவர் சத்தம் போடும் மனிதரல்ல. பேனையால் பெட்டியின் உட்புறத்தைத் தட்டினார். "இவர் இது ஜப்பானில் செய்தது என்கிறார். ஜப்பானில் பால்மா ரின்னில் தமிழும் சிங்களமும் எழுதுகிறார்களா?"

தகரத்தில் மூன்று மொழியிலும் பால்மா என்று எழுதியிருந்தது. பாதி வெட்டுப்பட்ட ஒரு பசு என்னைப் பார்த்தது.

முதலாளி குனிந்து, மற்றவர்களின் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நாங்கள் இறக்குமதிச் சாமான் மட்டும்தான் சேர் விற்பது. இது எங்களுடையதல்ல." பிறகு என்னிடம் திரும்பினார். "இவர்தான் எங்கள் தொழில்நுட்பக்காரர். சொல்லும்."

"இதைத் தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோதுதான், கண்டதேயில்லை என்ற அந்த வசனத்தைச் சொன்னேன். சிங்களத்தில் இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெரோம் அந்தத் தகரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. இவன்தான் செய்தவன் என்று அவன் என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

வெளியே வாசலில் மெற்றில்டா நின்றா. "எங்களாலான முயற்சி செய்தம் பிள்ளை" என்றார் முதலாளி. நான் காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்தினேன். வெயிலுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெரோமை வேறெங்கோ ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். மழைக்காலம் வந்தது. நான் வேலை செய்தேன், சாப்பிட்டேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனேன். குற்றவுணர்வு பசியைக் கெடுக்கும் என்று எழுதுகிறவர்கள் என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டதில்லை.

ஒருநாள் முதலாளி இல்லாத நேரம் மெற்றில்டா மறுபடி வந்தா. கையில் ஒரு காகித உறை, புதுப் பேனை.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. இங்கிலீஷ்ல ஒரு காயிதம் எழுதித் தருவீங்களா?"

"ஆருக்கு?"

"ஜப்பான்ல இந்த சாமான செய்தவங்களுக்கு. அவரு டுபாய்க்குப் போக வேண்டிய திகதி வருது. நாங்கதான் செய்தோம், இது கிட்டார் சாமான்தான்னு அவங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். செய்தவங்க பொய் சொல்ல மாட்டாங்கதானே?"

ஜெரோம் அவவிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் பேனையை வாங்கவில்லை. "ஜப்பானுக்கு எழுதத் தேவையில்லை தங்கச்சி. செய்தவன் நான்தான். இப்ப போறன்" என்றேன். அவ என்னை ஏசவில்லை. உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினா. கடையின் படியில் இறங்கும்போது, "அப்ப அன்னைக்கு ஸ்டேஷன்ல?" என்று மட்டும் கேட்டா. 

கடையைப் பூட்டிவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னை அடையாளம் கண்டார்.

"அன்று கண்டதேயில்லை என்றீர். இன்று நான்தான் செய்தேன் என்கிறீர். எது பொய்?"

"அன்று சொன்னது, சேர்."

"செய்தேன் என்று யாரும் சொல்லலாம். அத்தாட்சி?"

"வால்களில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டரை உரித்துப் பாருங்கள். கீழே வெள்ளைப் பெயின்டில் என் இலக்கங்கள் இருக்கும். அவை தலைகீழானவை. ஒன்றென்று எழுதிய வாலில் ஆறாம் தந்திதான் கேட்கும்."

கிட்டாரும் பெட்டியும் இன்னும் அங்கேதான் இருந்தன. கேட்பதற்கு அம்ப்ளிஃபயர் வேண்டும். வெசாக் பண்டிகைக் காலத்தில் அன்னதானம் அறிவிக்க நிலையத்தில் ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்தார்கள். கிட்டார் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் கூப்பிடாமலே வந்தார். பிளாஸ்டரை உரித்தோம். ஒன்றாம் வாலைக் குத்தி ஆளியை அழுத்தினேன். விளக்கு எரிந்தபோது இரண்டு பேர் பின்வாங்கினார்கள். கான்ஸ்டபிள் மெல்லிய தந்தியைத் தட்டினார், சத்தமில்லை. தடித்ததைத் தட்டினார், நிலையத்தின் யன்னல்கள் அதிர்ந்தன. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பைலா என்கிற ஆட்டப் பாட்டொன்றை வாசிக்கத் தொடங்கினார். ஒரு தந்தி மட்டும் கேட்கும் பைலாவுக்கு, முறைப்பாடு செய்ய வந்திருந்த ஒரு கிழவர் காலால் தாளம் போட்டார்.

"ஏன் தலைகீழாக்கினீர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டுமென்றல்ல சேர். என் பிழை."

"அப்படியென்றால் நீர்தான் செய்தவர். மற்றவர் விட்ட பிழைக்கு யாரும் உரிமை கேட்டு வருவதில்லை." ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். "நம்புகிறேன். ஆனால் கோப்பு மேலே போய்விட்டது. நீர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இந்த மேசையிலேயே முடிந்திருக்கும்."

பொய் சொன்னதற்காக என்னையும் சில நாள் வைத்திருந்தார்கள். முதலாளி ஒரு சட்டத்தரணியோடு வந்து எடுத்தார். காரில் அவர் என்னைப் பார்க்கவில்லை. "உண்மையைச் சொல்லுறதுக்கும் ஒரு நேரகாலம் இருக்குது ஐசே" என்றார். அவர் சொன்னதில் இதுமட்டும் சரி. அந்த நேரத்தை நான் ஏற்கெனவே தவறவிட்டிருந்தேன்.

டுபாய்க்கு வேறொருவர் போனார். அதற்குப் பிறகு நெடுநாள் கழித்துத்தான் ஜெரோம் வெளியே வந்தான். என் வாக்குமூலத்தாலா, அவனுடைய கோயில் பாதிரியார் ஏறி இறங்கிய படிகளாலா, யாருக்கும் தெரியாது. என்னால் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

நான் புதிய பெட்டியொன்று செய்தேன். இம்முறை ஊசிகளை மீற்றர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விளக்குப் போடவில்லை. மூடியில் என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும், பால்மா ரின்னைப்போலவே மூன்று மொழியில் வெட்டினேன். அதைக் கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ஜெரோம் மெலிந்திருந்தான். ஹோட்டல் வேலை போய்விட்டது. கலியாண வீடுகளில் மட்டும் வாசித்தான். நான் மன்னிப்புக் கேட்டேன்.  அவன் பெட்டியைக் கிட்டாரில் பொருத்தி, வால்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தான்.

"வரிச மாறிக்கெடக்கு அண்ணே."

"இல்லை ஜெரோம், இதுதான் சரி. முந்தினதுதான் பிழை."

"பிளாஸ்டர்ல நம்பர மாத்தினாலும் எனக்குக் கை பழகினது முந்தின வரிசதான். கண்ண மூடிட்டு ஓரத்து மொத வால பேஸ் அம்ப்ல குத்துவேன். பழையபடி செய்து தாங்க."

"கொண்டுபோய் நாளைக்கு..."

"இல்ல. இங்கயே செய்ங்க. நான் பாக்கணும்."

மெற்றில்டா பக்கத்து வீட்டில் சோல்டரிங் அயன் இரவல் வாங்கி வந்தா. நான் சரியாகச் செய்ததை அவன் பார்த்திருக்கப் பிழையாக்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாகச் செய்த வேலை அதுதான். முடிந்ததும் அவன் மூடியைத் தடவிப் பார்த்தான்.

"இது ஒங்க பேருதானே? கேட்டா ஒங்களக் காட்டலாமா?"

"காட்டு."

காட்டினான். அதன்பின் போர் முடியும்வரை, ஜெரோமை ஆமர் வீதிச் சோதனைச்சாவடியில் மறித்தபோதெல்லாம் எனக்கு அழைப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, அடையாள அட்டையை நீட்டி, "ஓம், இதை நான்தான் செய்தது" என்று சிங்களத்தில் சொல்வேன்.  போகப்போக அவர்களுக்கு நான் பழகிவிட்டேன். பால்மாக் கதை எப்படியோ பரவியிருந்தது. "ஆ, கிரிபிட்டி மஹத்தயா வந்துவிட்டார்" என்பார்கள். பால்மா ஐயா என்பது அதன் பொருள். தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. முதலாளி ஒவ்வொரு முறையும் அரைநாள் சம்பளத்தை வெட்டினார். ஜெரோம் சாவடி ஓரத்தில் கிட்டாரோடு நிற்பான். நான் சொல்லி முடிந்ததும், "வாறேன் அண்ணே" என்று போய்விடுவான். வேறு பேச்சு இல்லை.

போர் முடிந்து சாவடிகளை எடுத்தபின், பற்றறிக் கவ்வி உடைந்ததென்று பெட்டியைக் கொண்டு என் வீட்டுக்கு வந்தான். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. கவ்வியை மாற்றிக்கொண்டே, நெடுநாளாக மனதிலிருந்ததைக் கேட்டேன்.

"ஜெரோம், கொட்டாஞ்சேனைக்குப் போக, செக்பொயின்ற் இல்லாத றோட்டும் ஒண்டு இருந்ததெல்லோ. நீ எப்பவும் ஏன் ஆமர் வீதியால போனனி?"

அவன் பெட்டியை வாங்கி, வால்களைச் சுருட்டி, மூடியில் என் பெயர் மேலே தெரியும்படி உறைக்குள் வைத்தான்.

"அந்தப் பக்கம் ரோட்டு நல்லம் அண்ணே" என்றான்.